கிப்சன் இஎஸ்-335: பழைய பாணி செமி ஹாலோ கிட்டார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களில் பலர் சில வருடங்கள் கழித்து ஒரு கட்டத்தில் செமி ஹாலோ பக்கம் திரும்புகிறார்கள். அப்போது அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். செமி ஹாலோவில் பல கம்பெனிகள், பல மாடல்கள் இருந்தாலும், எல்லாவற்றுக்கும் மூலம் 1958-இல் வந்த கிப்சன் இஎஸ்-335 என்பதால் அதை வைத்தே பேசுகிறேன்.

செமி ஹாலோ என்றால் சரியாக என்ன?

உடல் முழுவதும் கெட்டி மரமாக இருந்தால் அது சாலிட் பாடி. பெட்டி மாதிரி உள்ளே முழுக்க வெற்றிடமாக இருந்தால் ஹாலோ பாடி. 335 இரண்டும் சேர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெட்டிதான்: மேலே லேசாக வளைந்த பலகை, இரண்டு பக்கமும் எஃப் எழுத்து வடிவத்தில் துளைகள். ஆனால் கழுத்து வந்து சேரும் இடத்திலிருந்து அடிப்பக்க விளிம்பு வரை, நடுவில் ஒரு மேப்பிள் கட்டை நீளமாக ஓடுகிறது. கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பிக்கப்புகள், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், அவற்றின் முனையைப் பிடிக்கும் டெயில்பீஸ் எல்லாம் இந்தக் கட்டைக்கு மேலேதான் உட்காருகின்றன. கட்டைக்கு இரு புறமும் உள்ள சிறகுகள் மட்டும் வெற்றிடம்.

உடலின் அதிகபட்ச அகலம் 16 அங்குலம். பழைய ஜாஸ் கிட்டார் ஒன்றின் அகலம் இது. ஆனால் பக்கவாட்டு கனம் ஒன்றேமுக்கால் அங்குலம்தான். அதனால்தான் முன்னாலிருந்து பார்க்கும்போது பெரிய கிட்டாராகத் தெரிவது, மடியில் வைத்ததும் மெலிதாக இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுட்பம் உண்டு. மேல் பலகை வளைவானது, நடுக்கட்டை நேரானது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி வரும். அதை நிரப்ப ஸ்ப்ரூஸ் மரத்துண்டு ஒன்றில் வரிசையாக ரம்பக்கீறல்கள் போட்டு, வளைவுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும்படி ஒட்டுகிறார்கள். கம்பியின் அதிர்வு பலகைக்கும் கட்டைக்கும் இடையே போய்வருவது இந்த இலேசான மரத்தின் வழியாகத்தான்.

இப்படி ஒரு கிட்டாருக்கு என்ன அவசியம் வந்தது?

சத்தம்தான் காரணம். 1936-இல் கிப்சன் இஎஸ்-150 வந்தது. சார்லி கிறிஸ்டியன் அதை எடுத்துக்கொண்டு 1939-இல் பென்னி குட்மேனின் ஜாஸ் குழுவில் சேர்ந்தபோது, அதுவரை பின்னால் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்த கிட்டார், சாக்ஸபோனுக்குச் சமமாகத் தனி வாசிக்க முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அவை பெட்டி கிட்டார்கள். ஆம்ப்பை, அதாவது ஆம்ப்ளிஃபையரை, கொஞ்சம் கூட்டினால் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி பெட்டியின் மேல் பலகையை அதிரவைக்கும், பலகை கம்பியை அதிரவைக்கும், பிக்கப் அதைத் திரும்ப ஆம்ப்புக்கு அனுப்பும். ஊளையிடத் தொடங்கிவிடும். இதுதான் ஃபீட்பேக்.

கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில், நியூயார்க்கில் எபிஃபோன் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து இதற்கு ஒரு வழி செய்தார். நாலுக்கு நாலு அங்குல பைன் மரக்கட்டையில் கழுத்தையும் பிக்கப்பையும் பொருத்தினார். ஒலி நீண்டு நின்றது, ஊளை இல்லை. ஆனால் கட்டையை வைத்துக்கொண்டு மேடையேறினால் யாரும் அதைக் கிட்டாராக மதிக்கவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனவே ஒரு எபிஃபோன் கிட்டாரை நடுவில் அறுத்து, இரண்டு பாதிகளையும் கட்டையின் இரு பக்கமும் பொருத்திக்கொண்டார். ‘லாக்’ என்று அதற்குப் பெயர். 335-இன் உட்புறத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் அப்படியே இருக்கிறது.

1950-களில் ஃபெண்டர் சாலிட் பாடியோடு வந்தது. கிப்சனும் 1952-இல் லெஸ் பால் பெயரிலேயே ஒன்றை விட்டது. ஆனாலும் பெட்டி கிட்டாரில் பழகிய கைகளுக்கு சாலிட் பாடி ஒட்டவில்லை. கனமாக இருந்தது, ஒலியும் இறுக்கமாக இருந்தது. அப்போது கிப்சனின் தலைவராக இருந்தவர் டெட் மெக்கார்ட்டி. இரண்டையும் ஒரே உடலில் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய யோசனை. மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையில் 1958-இல் அது 335 ஆனது. அதே வருடம் அதே தொழிற்சாலை ஃப்ளையிங் வி, எக்ஸ்ப்ளோரர் என்று இரண்டு புதுமையான கிட்டார்களையும் விட்டது. அவை அப்போது விற்கவில்லை, சீக்கிரமே நின்றுபோயின. லெஸ் பால் மாடலின் பழைய வடிவமும் சில வருடங்கள் நிறுத்தப்பட்டு, 1968-இல்தான் திரும்பியது. 335 மட்டும் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது.

ஒலியில் அப்படி என்ன வித்தியாசம்? எல்லாம் பிக்கப் செய்யும் வேலைதானே?

பிக்கப் செய்வது பெரிய வேலை, சந்தேகமில்லை. ஆனால் பிக்கப்புக்கு முன்னால் ஒரு கம்பி அதிர வேண்டும். அது எப்படி அதிர்கிறது என்பதில் உடலுக்குப் பங்கு உண்டு.

முதலில் ஆம்ப் இல்லாமல் வாசித்துப் பாருங்கள். சாலிட் பாடியில் கம்பி மட்டும் மெலிதாகக் கீச்சிடும். 335-இல் ஒரு ஈ கார்டை மீட்டினால் பின்பலகை உங்கள் வயிற்றில் அதிர்வது தெரியும், முன்கையை வைத்திருக்கும் விளிம்பிலும் தெரியும். அறையில் எதிரே இருப்பவருக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தமும் இருக்கும். இரவில் வீட்டில் ஆம்ப் போடாமல் பயிற்சி செய்கிறவர்கள் இதற்காகவே இதை வைத்திருக்கிறார்கள்.

இனி ஆம்ப்பில் செருகுங்கள். சிறகுகளின் மெல்லிய பலகை, கம்பியின் ஆற்றலில் ஒரு பகுதியை உடனே வாங்கிக்கொள்கிறது. அதனால் ஸ்வரத்தின் தொடக்கத்தில் ஒரு மூச்சு, ஒரு மரத்தன்மை கேட்கிறது. முழு ஹாலோவாக இருந்தால் அத்தோடு ஸ்வரம் சட்டென்று தேய்ந்துவிடும். இங்கே பிரிட்ஜின் இரண்டு தூண்களும் நடுக்கட்டைக்குள் இறங்கியிருப்பதால், மிச்ச ஆற்றல் கம்பியிலேயே தங்கி ஒலி நீள்கிறது. தொடக்கம் பெட்டி கிட்டார், தொடர்ச்சி சாலிட் பாடி. 335-இன் கவர்ச்சி எல்லாம் இந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றும் உண்டு, அது விரல்களுக்குத்தான் தெரியும். மெல்லத் தொட்டால் ஒரு குணம், அழுத்தி அடித்தால் வேறொரு குணம். சாலிட் பாடியில் இந்த இடைவெளி குறைவு. நிறைய டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கிறவர்களுக்கு இது புலப்படாது. ஆம்ப் சுத்தமாக ஒலிப்பதும் லேசாகக் கரகரப்பதும் சந்திக்கும் எல்லையில் வைத்து வாசித்தால், எது கரகரக்க வேண்டும், எது சுத்தமாக வர வேண்டும் என்பதை வலது கை முடிவு செய்யும். ப்ளூஸ் வாசிக்கிறவர்கள் இதற்காகத்தான் இதை விடுவதில்லை.

உடல் ப்ளைவுட் என்கிறார்களே, உண்மையா? அவ்வளவு விலை கொடுத்து ப்ளைவுட்டா?

உண்மைதான். மேல்பலகை, பின்பலகை, பக்கங்கள் எல்லாமே மேப்பிள், பாப்லர், மேப்பிள் என்று அடுக்கி ஒட்டிய பலகை. அச்சில் வைத்து அழுத்தி வளைவு கொண்டுவருகிறார்கள். விலையுயர்ந்த ஜாஸ் கிட்டார்களில் ஒரே ஸ்ப்ரூஸ் பலகையைச் செதுக்கி மேல்புறம் செய்வார்கள். அது அதிகம் அதிரும், அதிகம் ஊளையிடும், விரிசலும் விடும். 335-க்கு வேண்டியது அளவோடு அதிரும் பலகை. ஒட்டுப்பலகைதான் இதற்குச் சரியான மரம். இதே கிட்டாரைச் செதுக்கிய மரத்தில் செய்தால் வேறொரு கிட்டார்தான் கிடைக்கும்.

‘பிஏஎஃப்’ என்று பழைய பிக்கப்பைப் பற்றிப் பேசுகிறார்களே, அது என்ன?

கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் என்ற பொறியாளர் செய்த ஹம்பக்கர் பிக்கப் அது. ஒற்றைச் சுருள் பிக்கப் மின்கம்பியின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். நம் ஊரில் அது 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. லவர் இரண்டு சுருள்களை எதிரெதிர் திசையில் அமைத்து, அவற்றின் காந்த முனைகளையும் மாற்றி வைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். கம்பியிலிருந்து வரும் சமிக்ஞை கூடும்.

1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1959-இல் கிடைத்தது. விண்ணப்பம் நிலுவையில் இருப்பதாகச் சொல்லும் ‘பேட்டண்ட் அப்ளைட் ஃபார்’ என்ற சிறிய ஸ்டிக்கரைப் பிக்கப்பின் அடியில் ஒட்டினார்கள். காப்புரிமை வந்த பிறகும் 1962 வரை அந்த ஸ்டிக்கர் தொடர்ந்தது. அந்த வாசகத்தின் முதல் எழுத்துகள்தான் பிஏஎஃப்.

அந்தக் காலத்தில் சுருள் சுற்றும் இயந்திரம் எத்தனை சுற்று என்று துல்லியமாகக் கணக்கு வைக்கவில்லை. காந்தமும் கையில் எது இருந்ததோ அது. அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. மின்தடை சுமார் 7-லிருந்து 9 கிலோ ஓம் வரை மாறும். சிலவற்றில் இரு சுருள்களும் சமமாக இல்லாமல் போனதால் மேல் ஸ்தாயியில் ஒரு தெளிவு வந்தது. இன்று ‘விண்டேஜ் பாணி’ என்று விற்கும் நல்ல பிக்கப்புகள் இந்தச் சமமின்மையைத் திட்டமிட்டே செய்கின்றன. 335-க்கு இந்த மாதிரி மிதமான வெளியீடு உள்ள பிக்கப்தான் பொருந்தும். அதிக வெளியீடு உள்ள பிக்கப்பைப் போட்டால், மேலே சொன்ன அந்த மூச்சு அமுங்கிவிடும்.

யாரெல்லாம் வாசித்திருக்கிறார்கள்?

முதல் பெயர் பி. பி. கிங். அவருடைய ‘லூசில்’ கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1949-இல் ஆர்கன்சா மாநிலத்தில் ட்விஸ்ட் என்ற ஊரில், குளிருக்காக ஒரு பீப்பாயில் மண்ணெண்ணெய் எரித்துக்கொண்டிருந்த நடனக் கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் சண்டை போட்டதில் அந்தப் பீப்பாய் கவிழ்ந்து தீப்பிடித்தது. வெளியே ஓடி வந்தவர் கிட்டாருக்காகத் திரும்ப உள்ளே போனார். சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக என்று மறுநாள் தெரிந்தது. இனி இப்படி ஒரு காரியம் செய்யக்கூடாது என்று தனக்கே நினைவூட்டத்தான் கிட்டாருக்கு அந்தப் பெயர் வைத்தார். அன்று அவர் கையில் இருந்தது 335 அல்ல, அது பிறக்க இன்னும் 9 வருடங்கள் இருந்தன. பிற்பாடு அவர் நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டது 335-இன் ஆடம்பர அண்ணனான இஎஸ்-355. ஊளையைக் குறைக்க எஃப் துளைகளில் துணியை அடைத்து வாசிப்பாராம். 1980-இல் கிப்சன் அவர் பெயரில் விட்ட ‘லூசில்’ மாடலில் எஃப் துளைகளே கிடையாது.

எரிக் கிளாப்டன் 1964-இல் ஒரு செர்ரி சிவப்பு 335 வாங்கினார். நாற்பது வருடம் வைத்திருந்து, 2004-இல் போதை மறுவாழ்வு மையத்துக்காக நடந்த ஏலத்தில் கொடுத்தார். 8,47,500 டாலருக்குப் போனது. ஆல்வின் லீ 1969-இல் உட்ஸ்டாக் மேடையில் ஸ்டிக்கர் ஒட்டிய சிவப்பு 335-ஐ வைத்துக்கொண்டு அசுர வேகத்தில் வாசித்தார். இது மென்மையான ஜாஸ் கிட்டார் என்று யாராவது சொன்னால் அவரைக் கேட்கச் சொல்லுங்கள். சக் பெர்ரி, ஃப்ரெடி கிங், ஓட்டிஸ் ரஷ் ஆகியோர் இதே குடும்பத்தின் 345, 355 மாடல்களை வாசித்தார்கள்.

ஆனால் இந்தக் கிட்டாரின் முழு வீச்சைத் தெரிந்துகொள்ள ஒருவரைத்தான் கேட்க வேண்டும் என்றால் நான் லாரி கார்ல்டனைச் சொல்வேன். 1970-களில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் ஓயாமல் வாசித்தவர், ‘மிஸ்டர் 335’ என்றே பெயர் வாங்கியவர். ஜாஸ் கார்டும் ராக் தனியும் ஒரே பாட்டில், கிட்டாரை மாற்றாமல் வரும். ஸ்டீலி டேன் குழுவின் 1976 ஆல்பத்தில் அவர் வாசித்த தனிகளைக் கேட்டால், நீண்டு பாடும் ஸ்வரமும் காற்றோட்டமான தொடக்கமும் சேர்ந்து வருவது என்றால் என்னவென்று காதுக்கே புரியும்.

பீட்டில்ஸ் வாசித்தது 335 தானே?

இல்லை. அது எபிஃபோன் கசினோ. பார்க்க அச்சு அசலாக 335 மாதிரி இருக்கும், ஆனால் நடுக்கட்டை கிடையாது, முழுக்க ஹாலோ. பிக்கப்பும் ஹம்பக்கர் அல்ல, ஒற்றைச் சுருள் பி-90. கிப்சனின் 330-உம் இதே வகை. வாங்கும்போது பலர் தோற்றத்தைப் பார்த்து இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். மேடையில் சத்தமாக வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வித்தியாசம் முக்கியம்.

பழைய 335-களில் எந்த வருடங்களுக்கு மதிப்பு? ஏன்?

1958 முதல் 1964 வரை. 1962 வரை ஃபிரெட்போர்டில் (கழுத்தின் மேல் விரல் வைக்கும் பலகை) புள்ளிகள், அதன்பின் சிறிய கட்டங்கள். ஆரம்பகால உடலின் இரண்டு கொம்புகளும் வட்டமாக இருக்கும், சேகரிப்பவர்கள் மிக்கி மவுஸ் காது என்பார்கள். 1963 வாக்கில் அவை கூராகின. இவை எல்லாம் கண்ணுக்கு. காதுக்கும் கைக்கும் முக்கியமான இரண்டு மாற்றங்கள் 1965-ஐ ஒட்டி வந்தன.

ஒன்று, நடுக்கட்டையில் திருகியிருந்த டெயில்பீஸை எடுத்துவிட்டு, உடலின் விளிம்பிலிருந்து தொங்கும் ட்ரபீஸ் வகையைப் போட்டார்கள். கம்பியின் பிடி கட்டையிலிருந்து விலகிவிட்டது. இரண்டு, கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டின் அகலத்தைச் சுமார் 43 மில்லிமீட்டரிலிருந்து 40-க்கும் கீழே குறைத்தார்கள். கம்பிகள் நெருங்கிவிட்டன, பெரிய விரல்காரர்களுக்குத் திறந்த கார்டுகள் சிரமம். அதனால்தான் 1964-க்கும் 1966-க்கும் இடையே விலை பாதாளத்துக்கு இறங்குகிறது. மேலே சொன்ன கார்ல்டனின் கிட்டார் 1969-இல் செய்தது என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தைப் பார்த்து ஒரு கிட்டாரை ஒதுக்க வேண்டியதில்லை.

புதிதாகச் செய்த ‘விண்டேஜ் பாணி’ கிட்டாரில் எதைப் பார்க்க வேண்டும்? தேய்ந்த மாதிரி செய்து விற்கிறார்களே?

பழைய பாணியில் இரண்டு விதமான சங்கதிகள் இருக்கின்றன. முதல் விதம் ஒலியையும் கையையும் மாற்றுபவை: மெல்லிய பலகை, 3.5 கிலோவைச் சுற்றிய எடை, மிதமான பிக்கப், கழுத்தை உடலோடு ஒட்டிய விதம், கழுத்தின் பருமன், மெலிதாக அடித்த நைட்ரோ லாக்கர் என்ற மெருகுப் பூச்சு. இவற்றுக்குப் பணம் கொடுங்கள்.

இரண்டாவது விதம் தோற்றம்: செயற்கையாக உரித்த பெயிண்ட், மஞ்சளாக்கிய பிளாஸ்டிக், துருவேற்றிய ட்யூனர். என்னைப் பொறுத்தவரை இவற்றுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தரத் தேவையில்லை. அறுபது வருடம் ஒரு மனிதர் முன்கையை வைத்து வைத்து ஒரு விளிம்பு தேய்ந்திருந்தால் அந்த இடம் தொடுவதற்கு நன்றாக இருக்கும். தொழிற்சாலையில் மணல் தாளால் தேய்த்தது அப்படி இருக்காது, பெரும்பாலும் கை படும் இடத்தில்கூட இருக்காது. ஒரே ஒரு விதிவிலக்கு கழுத்தின் விளிம்பு. ஃபிரெட்போர்டின் ஓரங்களை லேசாக உருட்டி விட்டிருந்தால் அது முதல் நாளே பழகிய கிட்டார் மாதிரி இருக்கும்.

கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1959 பாணி என்றால் பருமன், 1960-களின் ஆரம்பப் பாணி என்றால் மெலிது. சிறிய கை என்றால் மெலிதுதான் வசதி என்று கடையில் சொல்வார்கள். நான் பார்த்தவரை பருமனான கழுத்தில் உள்ளங்கைக்கு ஆதாரம் கிடைப்பதால் சிறிய கைகளுக்குக்கூட சோர்வு குறைகிறது. இரண்டையும் பிடித்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

நான்கு திருகு குமிழ்கள் எதற்கு? எல்லாவற்றையும் பத்தில் வைத்தால் போதாதா?

பத்திலேயே வைத்திருந்தால் கிட்டாரின் பாதியைத்தான் பயன்படுத்துகிறீர்கள். ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனி வால்யூம், தனி டோன். ஸ்விட்சை நடுவில் வையுங்கள். கழுத்துப் பிக்கப்பின் வால்யூமை ஏழுக்குக் குறையுங்கள், பிரிட்ஜ் பிக்கப் பத்தில் இருக்கட்டும். ஒரு கூர்மையான, சற்றே மூக்கால் பேசும் ஒலி வரும். மாற்றி வைத்தால் வட்டமான, கனிந்த ஒலி. ஆம்ப்பைத் தொடாமலேயே அரை டஜன் ஒலிகள் கிடைக்கும். கழுத்துப் பிக்கப்பில் டோனை முழுவதும் குறைத்து, ஆம்ப்பைக் கூட்டினால் கிளாப்டன் 1960-களில் புகழ்பெறச் செய்த அந்தப் புல்லாங்குழல் போன்ற நீண்ட ஒலி வரும்.

தாளம் வாசிக்கும்போது வால்யூம் ஆறு, தனி வரும்போது சுண்டுவிரலால் ஒன்பது. இதைப் பழகிவிட்டால் பெடல்கள் பலவும் தேவைப்படாது. வால்யூமைக் குறைத்ததும் ஒலி மந்தமாகிறது என்றால் உள்ளே வயரிங் சரியில்லை. டோன் கபாசிட்டரைப் பழைய முறைப்படி மாற்றி இணைக்கச் சொல்லுங்கள், செலவு அதிகமில்லை.

நடுக்கட்டை இருந்தால் ஃபீட்பேக்கே வராதா?

வரும். ஹாலோவை விடத் தாமதமாக, கட்டுக்குள் வரும். ஆம்ப்புக்கு முகத்தைக் காட்டி அருகில் நின்றால் ஸ்வரம் தேயாமல் மேலெழுந்து இன்னொரு ஸ்தாயியாகப் பூக்கும். அதை விரும்பி வரவழைத்து வாசிப்பவர்கள் உண்டு. வேண்டாம் என்றால் ஆம்ப்பிலிருந்து இரண்டடி விலகி, கிட்டாரின் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். வாசிக்காத கம்பிகளை உள்ளங்கையால் அடக்குங்கள். அப்படியும் தொல்லை தந்தால் கிங் செய்தது போல எஃப் துளையில் துணி அடைக்கலாம்.

கனத்த டிஸ்டார்ஷனில் வேகமாக அறுத்து அறுத்து வாசிக்கும் மெட்டல் இசைக்கு இது ஏற்ற கிட்டார் இல்லை. செய்ய முடியாது என்பதில்லை, ஆனால் சாலிட் பாடி அதைச் சுலபமாகச் செய்யும்.

முதல் எலக்ட்ரிக் கிட்டாராக வாங்கலாமா?

வாங்கலாம். உட்கார்ந்து பயிற்சி செய்ய சௌகரியமானது. கழுத்து 19-ஆம் ஃபிரெட்டில்தான் உடலைச் சந்திப்பதால் மேல் ஸ்வரங்களுக்குக் கை தாராளமாகப் போகும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு 16 அங்குல உடல் பெரிதாக இருக்கும், தோள்பட்டை வலிக்கும். அவர்களுக்கு இதே அமைப்பில் சிறிய உடலுடன் 2007-இல் வந்த 339 நல்லது.

கிப்சன்தான் வாங்க வேண்டுமா?

புதிய கிப்சன் 335 இந்தியாவில் சில லட்சம் ரூபாய். அதே நிறுவனத்தின் எபிஃபோன் வரிசையில் டாட், ஷெரட்டன், எபிஃபோன் 335 எல்லாம் அதே அடிப்படை அமைப்புடன் மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. ஐபனீஸின் ஆர்ட்கோர் வரிசை விலைக்கு மீறிய வேலைப்பாடு. யமஹாவின் எஸ்ஏ-2200 ஜப்பானில் செய்வது, பல கிப்சன்களுக்கு அருகில் நிற்கும். கலமசூ தொழிற்சாலை 1984-இல் மூடப்பட்டபோது, ஊரை விட்டு நாஷ்வில்லுக்குப் போக மனமில்லாத சிலர் அங்கேயே தொடங்கிய ஹெரிடேஜ் கம்பெனி எச்-535 என்று ஒன்று செய்கிறது. அதன் பிறப்பிடம் பழைய கலமசூ கட்டடமே.

நான் சொல்லக்கூடியது இதுதான்: நடுத்தர விலையில் ஒன்றை வாங்கி, நல்ல கைத்தொழிலாளியிடம் நட், ஃபிரெட் வேலையைச் சரியாகச் செய்துகொள்ளுங்கள். பிக்கப்பை மாற்றுவதைப் பற்றி அதற்கு ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம்.

ஃபிரெட்போர்டு ரோஸ்வுட் என்கிறார்களே, அது நம் ஊர் மரமா?

பழையவற்றில் பிரேசில் ரோஸ்வுட். 1960-களின் நடுவிலிருந்து பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட், அதாவது நீலகிரியிலும் கூடலூரிலும் ஆனைமலையிலும் வளரும் நம் ஈட்டி மரம், தோதகத்தி. பிரேசில் மரம் 1992-இல் சர்வதேச வணிகத்திலிருந்து ஏறக்குறைய முற்றிலும் தடுக்கப்பட்டது. 2017 ஜனவரியில் ஈட்டி உட்பட அந்த இனத்து மரங்கள் எல்லாமே அனுமதிச் சீட்டு வேண்டிய பட்டியலில் சேர்ந்தன. கிட்டாரோடு நாடு கடக்கும் வணிகம் அப்போது படாத பாடு பட்டது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியைக்கூட வெட்டக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் 1990-களில் வந்தது. நல்ல காரியம். மெதுவாக வளரும் மரம் அது.

சென்னை போன்ற கடலோர ஊரில் இதைப் பராமரிப்பது கஷ்டமா?

ஒட்டுப்பலகை உடல் என்பதால் மரம் விரியும், வெடிக்கும் என்ற பயம் வேண்டாம். கழுத்துதான் ஈரத்துக்கு ஏற்ப வளையும். பருவம் மாறும்போது கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்று சரிசெய்ய வேண்டியிருக்கும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்பது கிட்டாருக்கு உகந்தது, சென்னையில் அது பல மாதங்கள் 70-ஐத் தாண்டும். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். வாசித்து முடித்ததும் கம்பிகளை அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். பூச்சுள்ள கம்பி விலை அதிகம், ஆனால் உப்புக் காற்றில் அதுதான் லாபம்.

நைட்ரோ லாக்கர் அடித்த கிட்டார் என்றால் மலிவான ரப்பர் ஸ்டாண்டில் நிறுத்தாதீர்கள். ரப்பரில் உள்ள ரசாயனம் லாக்கரை உருக்கி ஒட்டிக்கொள்ளும். ஸ்டாண்டின் முட்டியில் பருத்தித் துணி சுற்றிவிட்டால் போதும்.

வயரிங் ரிப்பேருக்கு ஏன் அதிகம் கேட்கிறார்கள்?

பின்னால் திறக்கும் மூடி கிடையாது. வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் நான்கு பொட்டென்ஷியோமீட்டர், ஸ்விட்ச், ஜாக் எல்லாம் எஃப் துளை வழியாகத்தான் வெளியே வந்து, அதே வழியாக உள்ளே போக வேண்டும். ஒவ்வொன்றின் தண்டிலும் மெல்லிய நூலையோ ரப்பர் குழாயையோ மாட்டி, நூலின் மறுமுனையை அதனதன் துளை வழியே வெளியே விட்டு, எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, பிறகு ஒவ்வொன்றாக இழுத்து நட் போடுவார்கள். ஒரு நூல் நழுவினால் மறுபடி முதலிலிருந்து. கேட்கும் கூலி நியாயமானதுதான்.

செகண்ட் ஹேண்டில் ஒன்று வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

முதலில் தலைப்பகுதி. கிப்சன் கழுத்து பெரும்பாலும் ஒரே மஹோகனித் துண்டு, தலை பின்னோக்கி வழக்கமாக 17 டிகிரி சாய்ந்திருக்கும், அங்கேதான் ட்ரஸ் ராடுக்காகக் குடைந்தும் இருப்பார்கள். கீழே விழுந்தால் உடைவது அந்த இடம்தான். நட்டுக்குப் பின்பக்கம் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, மரத்தின் ரேகையை வெட்டிக்கொண்டு ஏதாவது கோடு போகிறதா என்று பாருங்கள். விரல் நகத்தால் தடவியும் பாருங்கள். நன்றாக ஒட்டிய உடைப்பு ஒலியைக் கெடுக்காது, வாசிப்பதற்காக வாங்குகிறவருக்கு அது விலை குறைய ஒரு நல்ல காரணம்கூட. மறைத்து விற்றால்தான் தப்பு.

அடுத்தது எஃப் துளைக்குள் டார்ச். லேபிள் இருக்கிறதா, நடுக்கட்டை மேலும் கீழும் இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்கிறதா, வயர்களில் புதிய ஈயப்பற்று இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக வாசித்து எங்காவது ஸ்வரம் செத்துப்போகிறதா, எங்காவது பலகை கடகடவென்று அதிர்கிறதா என்று கேளுங்கள். கடகடப்பு என்றால் உள்ளே ஒட்டு விட்டிருக்கலாம். பின்பலகையை விரல் முட்டியால் விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே போனால் ஒட்டு விட்ட இடத்தில் ஒலி மாறும். இதையெல்லாம் முடித்த பிறகு ஆம்ப்பில் செருகுங்கள், விலை பேசுவது அதற்குப் பிறகு.